பிறந்த கதை பிள்ளைக்குச் சொந்தம்

அயர்லாந்தின் மேற்கே டூவாம் என்ற சிற்றூரில் 2025 ஜூலை முதல் நிலத்தைத் தோண்டிக் குழந்தைகளின் எலும்புகளைச் சேகரித்து வருகிறார்கள். 1925 முதல் 1961 வரை அங்கே மணமாகாத தாய்மார்களுக்கான இல்லம் ஒன்றைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். அந்த இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் திரட்டி, இவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று கேட்டவர் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர். அவர் கேள்வி 2014-இல் உலகச் செய்தியானது. 2017-இல் கழிவுநீர்க் கட்டமைப்பை ஒட்டிய நிலத்தடி அறைகளில் எலும்புகள் கிடைத்தன. தோண்டத் தொடங்க மேலும் எட்டு ஆண்டுகள் பிடித்தன.

இறந்த குழந்தைகளுக்கான இந்தத் தேடலை உலகம் கண்ணீரோடு பார்க்கிறது. ஆனால், அதே போன்ற இல்லங்களிலிருந்து தத்துக் கொடுக்கப்பட்டு, இன்று ஐம்பது, அறுபது, எழுபது வயதைத் தாண்டியும் பெற்றவள் யார் என்று தெரியாமல் இருக்கிறவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. அவர்கள் கேட்பது ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தேதி. ஒருவருடைய பிறப்பைப் பற்றிய தாள்கள் எந்த நிறுவனத்தின் அலமாரியில் இருந்தாலும் அவை அவருக்கே சொந்தம் என்பதும், அவற்றைத் தேடித் தரும் பொறுப்பு அரசினுடையது என்பதும் நமது நிலைப்பாடு. அயர்லாந்து இதை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. நாம் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறோம்.

இந்த இல்லங்களை விசாரிக்க 2015-இல் அமைக்கப்பட்ட ஆணையம் 2021 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. அது ஆராய்ந்த 18 நிறுவனங்களில் சுமார் 56,000 தாய்மார்களும் 57,000 குழந்தைகளும் இருந்திருக்கிறார்கள். சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அறிக்கை வெளியான மறுநாளே பிரதமர் மீஹால் மார்ட்டின் நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்த நாட்களில், வயிறு தெரியத் தொடங்கியதும் பெண்ணை ஊர் கண்ணில் படாமல் அனுப்பிவிடுவது குடும்பத்தின் வேலை. உள்ளே வந்தவளுக்குப் பல இல்லங்களில் வேறு பெயர் சூட்டப்பட்டது. பக்கத்துப் படுக்கையில் இருந்தவளின் உண்மைப் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. பிள்ளை தத்துப் போனதும் அதற்கும் புதுப் பெயர். தாய், மகன் இருவரின் பெயரும் மாறிவிட்ட பிறகு எந்த நூலைப் பிடித்து யார் யாரைத் தேடுவது?

பிலோமினா லீயின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். அது 2009-இல் புத்தகமாகவும் 2013-இல் திரைப்படமாகவும் வந்தது. டிப்பரேரி மாவட்டத்தின் ஷான் ராஸ் இல்லத்தில் 1952-இல் மகனைப் பெற்றார். அங்கேயே சலவைக் கூடத்தில் வேலை செய்துகொண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவனை வளர்த்தார். பிள்ளையை இனி ஒருபோதும் தேட மாட்டேன் என்று எழுதிய தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. 1955-இல் பிள்ளை அமெரிக்காவுக்குப் போனான். வளர்ந்து வழக்கறிஞராகி, குடியரசுக் கட்சியின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஆனான். அவன் தாயைத் தேடி அதே இல்லத்தின் வாசலுக்கு வந்தான். தாயும் மகனைப் பற்றி அதே இடத்தில் கேட்டார். இருவருக்கும் விடை கிடைக்கவில்லை. 1995-இல் நோயில் இறந்தபோது, என்றாவது தாய் வந்து பார்ப்பாள் என்ற எண்ணத்தில், அந்த இல்லத்து வளாகத்திலேயே தன்னைப் புதைக்க ஏற்பாடு செய்திருந்தான். தாய் கடைசியில் கண்டது அந்தக் கல்லறையை. இரண்டு பேரையும் அறிந்திருந்த இடம் இரண்டு பேருக்கும் வாய் திறக்கவில்லை. 1940-களின் இறுதி முதல் 1970-களின் தொடக்கம் வரை இப்படி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அயர்லாந்துக் குழந்தைகள் 2,000-க்கும் மேல். அவர்களுக்கான கடவுச்சீட்டுகளை வழங்கியது அரசின் வெளியுறவுத் துறை. ஆகவே பழியை மடங்களின் தலையில் மட்டும் போட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அயர்லாந்தில் தத்தெடுப்புச் சட்டம் 1952-இல் வந்தது. மூடிய கதவுதான் அதன் அடிப்படை. தன் கோப்பைப் பார்க்கத் தத்துப் பிள்ளைக்கு உரிமை இருக்கவில்லை. அப்படியிருந்தும் பிள்ளைகள் தேடினார்கள். டப்ளினில் உள்ள பிறப்புப் பதிவு அலுவலகத்தின் ஆய்வு அறையில் யாரும் உட்கார்ந்து அட்டவணைகளைப் பார்க்கலாம். தன் பிறந்த தேதி மட்டும் தெரிந்த ஒருவர் அங்கே போய், அந்த ஆண்டின் தடித்த புத்தகங்களை விரித்து, வரிவரியாக விரலை ஓட்டுவார். குழந்தையின் குடும்பப் பெயரும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் ஒன்றாகவே இருக்கும் வரிகளைக் குறித்துக்கொள்வார். அப்பா பெயர் பதியப்படாத பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வரிகளில்தான் இருப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் காசு கட்டிப் பிரதி வாங்கி, தேதியையும் இல்லத்தின் பெயரையும் ஒப்பிட்டு, இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று கழித்துக்கொண்டே வருவார். ஒரு சமூகப் பணியாளர் கோப்பைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயத்துக்காக மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் இப்படி உட்கார்ந்திருந்தார்கள். ரகசியம் காக்கப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. அலைக்கழிப்புதான் மிச்சம்.

அட்டவணையில்கூட இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். சில குழந்தைகளைத் தத்தாகவே காட்டாமல், வளர்க்க வந்த தம்பதிக்கே பிறந்ததாகப் பொய்யாகப் பதிந்துவிட்டார்கள். டப்ளினின் புனித பேட்ரிக் கில்டு என்ற தத்துச் சங்கத்தின் பழைய கோப்புகளைப் புரட்டியபோது சிலவற்றில் 'பிறப்பிலிருந்தே தத்து' என்றொரு குறிப்பு இருந்தது. அந்தச் சிறு குறிப்புதான் மோசடியைக் காட்டிக்கொடுத்தது. 2018-இல் அப்படி 126 பேரை அரசு அறிவித்தது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஒரு பெற்றோரின் வயிற்றுப் பிள்ளை என்று வாழ்ந்தவரின் வீட்டுக்கு அதிகாரி வந்து, உங்கள் பிறப்புச் சான்றிதழே பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவர் முன் உட்கார்ந்து, 'அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, அம்மாவுக்கு இதய நோய் உண்டு' என்று அவர் இத்தனை காலம் சொல்லிவந்த பரம்பரை விவரம் முழுவதும் வேறு யாருடையதோ.

அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 1998-இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெற்ற தாய் யார் என்று அறியும் உரிமை அரசமைப்பு தரும் உரிமைதான், ஆனால் தாயின் அந்தரங்க உரிமையோடு சீர்தூக்கித்தான் அதைத் தர முடியும் என்றது. அதன் பிறகு வந்த அரசுகள் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தன. தாயைத் தொடர்புகொள்ள மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால்தான் தகவல் தருவோம் என்ற மசோதாகூட வந்தது. தாயிடம் எழுதி வாங்கிய தலைமுறை போய், பிள்ளையிடம் எழுதி வாங்கும் தலைமுறை வந்திருந்தது.

கடைசியில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம்தான் முடிச்சை அவிழ்த்தது. தகவல் வேறு, தொடர்பு வேறு என்று அது பிரித்தது. 16 வயது நிரம்பிய எவரும் தன் பிறப்புச் சான்றிதழையும், இல்லத்தில் கழித்த நாட்களைப் பற்றிய விவரங்களையும், மருத்துவக் குறிப்புகளையும் கேட்டுப் பெறலாம். தனக்காக யாரேனும் விட்டுச்சென்ற கடிதமோ நிழற்படமோ கோப்பில் இருந்தால் அதுவும் வந்து சேர வேண்டும். தாய்க்குத் தொடர்பு வேண்டாம் என்றால், அதற்கென உள்ள பதிவேட்டில் தன் விருப்பத்தைப் பதியலாம். அந்த விருப்பம் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லப்படும். ஆனால், அதைக் காட்டிப் பெயரை மறைக்க முடியாது. பெற்றவர்களும் உறவினர்களும்கூடத் தேடித் தருமாறு கேட்கலாம். 2022 அக்டோபரில் கதவு திறந்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. அலுவலகங்களால் சட்டம் சொன்ன கெடுவுக்குள் பதில் தர முடியாமல் போனது. அந்தத் தாமதம் கண்டிக்கத்தக்கது. எண்பது வயதுத் தாயைத் தேடுகிறவரிடம் வரிசையில் நில்லுங்கள் என்று சொல்வது கொடுமை. எனினும், சட்டத்தின் வழி சரியான வழி.

தாயின் மானம் என்ன ஆவது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. அன்று நடந்ததை யாருக்கும் சொல்லாமல் திருமணம் செய்து, பிள்ளை குட்டிகளோடு வாழும் ஒரு மூதாட்டிக்கு, கதவு தட்டும் ஓசை பயங்கரமாகத்தான் இருக்கும். ஆனால், மூடிய கோப்பு இன்று அவரைக் காப்பதில்லை. அஞ்சலில் வரும் ஒரு மரபணுச் சோதனைக் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால், ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகளின் பட்டியல் சில வாரங்களில் வந்துவிடுகிறது. பிறகு தேடுகிறவர் என்ன செய்வார்? அந்த உறவினர் ஒவ்வொருவருக்கும் எழுதுவார். அத்தை மகளுக்கும் சித்தப்பா பேரனுக்கும் செய்தி போய், குடும்பம் முழுக்கப் பேசி முடித்த பிறகுதான் அது தாயின் காதுக்கு வரும். பயிற்சி பெற்ற ஒருவர், காதும் காதும் வைத்தாற்போல், முதலில் தாயிடமே போய்க் கேட்பதுதான் அவருக்கு மரியாதை. கோப்பைத் திறக்கும் அரசால்தான் அதைச் செய்ய முடியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரகசியம் வேண்டும் என்று அன்று கேட்டது யார்? பெரும்பாலும் தந்தை, தமையன், பாதிரியார். அவர்கள் கேட்ட ரகசியத்தைத் தாயின் விருப்பம் என்று எழுதிவைத்திருக்கிறோம்.

இந்தியாவுக்கு வருவோம். 1970-களிலும் 80-களிலும் தமிழகத்து இல்லங்களிலிருந்தும் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். இன்று அவர்கள் நடுவயதில், சென்னையிலும் பிற ஊர்களிலும் வந்து இறங்கி, கையில் ஒரு பழைய நீதிமன்ற உத்தரவின் நகலோடு இல்லங்களின் கதவைத் தட்டுகிறார்கள். வெளிநாட்டுத் தத்துகளை ஒழுங்குபடுத்திய 1984-ஆம் ஆண்டு லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த பிள்ளை தன்னைப் பெற்றவர்களைப் பற்றி அறிய விரும்பினால் சொல்வதில் பெரிய ஆட்சேபம் இருக்காது என்றது. ஆனால், சொல்வதா வேண்டாமா என்பதை வளர்த்தவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. பிறப்பு மூலத்தைப் பற்றிய தகவல்களைப் பாதுகாக்கச் சொல்லும் ஹேக் உடன்படிக்கையை 2003-இல் ஏற்றது. 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில், பெற்றவர்களைத் தேடும் 'வேர் தேடலுக்கு' வழியும் இருக்கிறது. 18 வயது நிறைந்தவர் மத்தியத் தத்துவள ஆணையத்துக்குத் தானே விண்ணப்பிக்கலாம்.

வழி இருக்கிறது என்றாலும் அது குறுகலானது. பிள்ளையின் உரிமை பெற்றவர்களின் அந்தரங்கத்தை மீறக் கூடாது என்று ஒரு வரியில் விதி முடித்துக்கொள்கிறது. ஒப்படைக்கும்போது பெயரை வெளியிட வேண்டாம் என்று தாய் கேட்டிருந்தால், அவர் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் பெயர் தெரியும். பத்தொன்பது வயதில், பிரசவ வலி ஆறும் முன், சுற்றி நிற்கும் உறவினர் முன்னிலையில் சொன்ன ஒரு சொல் அறுபது வயதிலும் அவரைக் கட்டும். அவர் கிடைக்காமல் போனால், ஒப்படைக்கப்பட்ட சூழ்நிலை மட்டும் பிள்ளைக்குச் சொல்லப்படும். மூன்றாம் நபர் தேடுவதற்கு இடமில்லை. குழந்தைகளை வைத்துப் பணம் பண்ணியவர்களின் வரலாறு நமக்கு உண்டு என்பதால் இந்தத் தடையின் நியாயம் புரிகிறது. ஆனால், தமிழ் தெரியாமல் சுவீடனிலோ சுவிட்சர்லாந்திலோ வளர்ந்தவர், உள்ளூர் ஆள் துணையில்லாமல் ஒரு தாலுகா அலுவலகத்தில் என்ன கேட்டு வாங்க முடியும்? அவர் எழுத்தில் நியமிக்கும் பொறுப்பான பிரதிநிதியை அனுமதிப்பதே முறை.

நம் விதிகளில் இருக்கும் மிகப் பெரிய ஓட்டை தாயைப் பற்றியது. விண்ணப்பிக்கும் வழி தத்துப் போன பிள்ளைக்குத்தான். பெற்றவளுக்கு அதில் இடமே இல்லை. வெளியூர் உறவினர் வீட்டில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, எங்கோ ஓர் இல்லத்தில் பிள்ளை பெற்றுக் கொடுத்துவிட்டு, சில மாதம் கழித்து வெறுங்கையோடு திரும்பிய பெண்கள் நம் ஊர்களிலும் உண்டு. ஒப்படைத்த தாய் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெற 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அறுபது நாள் தருகிறது. அறுபத்தொன்றாம் நாளிலிருந்து, பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கக்கூட அவளுக்கு ஓர் அலுவலகம் கிடையாது. பிள்ளை யாரிடம் வளர்கிறது என்று சொல்லும்படி நாம் கேட்கவில்லை. நலமா, இல்லையா என்று அவள் கேட்டால் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். தன் முகவரியை, தன் குடும்பத்து நோய் விவரத்தை, இரண்டு வரிக் கடிதத்தை அவள் எந்த வயதிலும் கோப்பில் சேர்க்க வழி வேண்டும். பிள்ளை வந்து கேட்கும் நாளில் அது அங்கே இருக்க வேண்டும். தொடர்பு வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், பின்னாளில் அதை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதே பதிவேட்டில் அவளுக்கு இருக்க வேண்டும்.

வளர்க்க முடியாத பிள்ளையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்து, சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் வழியாக வந்தவர்களுக்குப் பல நேரம் தாயின் பெயரே பதிவில் இராது. அவர்களுக்கும் ஒரு பிறந்த கதை இருக்கிறது. எந்த ஊர்த் தொட்டில், எந்த நாள், உடலில் சுற்றியிருந்த துணி எது, கூட ஏதும் வைக்கப்பட்டிருந்ததா, முதலில் தூக்கிய செவிலியர் என்ன எழுதினார் என்பது வரை அந்தக் கதைதான். இவற்றைச் சில்லறை விவரம் என்று கழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

சட்டத் திருத்தம் டெல்லியில் நடக்க வேண்டியது. அதற்கு நாளாகும். ஆனால், தாள்கள் அதுவரை காத்திருக்கா. பழைய தத்துகளின் ஆவணங்கள் அந்தந்த இல்லங்களின் மரப் பெட்டிகளிலும் நீதிமன்றப் பதிவறைகளிலும் மருத்துவமனைப் பிரசவப் பதிவேடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் கரையானும் மழையும் தின்கின்றன. மூடப்பட்ட இல்லங்களின் பதிவேடுகள் யாரிடம் இருக்கின்றன என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் வழியாகக் கணக்கெடுக்கவும், அவற்றை அரசுக் காப்பகத்துக்கு மாற்றி மின்னாக்கம் செய்யவும், அழிப்பவர் மீது வழக்குப் போடவும் தமிழக அரசு இன்றே உத்தரவிடலாம். 1970-இல் இருபது வயதில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. இந்தக் கணக்கெடுப்பை இந்த நிதியாண்டுக்குள் முடிக்க வேண்டும்.