காரம் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்



கும்மிடிப்பூண்டி வட்டாரத்து அடுப்பங்கரைகளில் ஆந்திரத்துக் காரம் கலந்திருப்பதில் வியப்பில்லை. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் அந்த மாநிலம்தான். சிப்காட் தொழிற்சாலைக்குச் செல்வோரின் சாப்பாட்டு அடுக்கிலும் தக்காளிப் பச்சடி இடம்பிடித்து விடுகிறது.

நானும் காரத்தையே கைப்பக்குவத்தின் அடையாளமாகப் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். ஒரு ரமளானில், வாய்ப்புண்ணால் துன்புற்றிருந்த என் மாமி, நோன்பு திறந்தபின் இரண்டு கவளம் மட்டும் உண்டு, "வயிறு நிறைந்துவிட்டது, மகளே" என்று எழுந்துவிட்டார். மறுநாள் வெறும் கஞ்சியை மட்டும் அவர் அருந்தியதைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது. பெருமானார் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. அந்த ஸுன்னத்தை மாமி பேணினார். சமைத்தவளின் கடமையை நான் பேணவில்லை.

மிளகாய் நம் மண்ணில் பிறந்ததன்று. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்து சென்ற பிறகே அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது வெளியுலகுக்கு வந்தது. போர்த்துகீசியர் வழியே இந்தியாவை அடைந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகாயின் தாயகமான மெக்ஸிகோவில் மூன்று கால்கள் உடைய கல்லுரலில் தக்காளியையும் மிளகாயையும் அரைத்து, 'சால்ஸா' என்று தனிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். அவரவர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே சஹனில் கூடி உண்ணும் நமக்கு இம்முறை எவ்வளவு பொருத்தம்!

செய்முறை: பழுத்த தக்காளி 4, பச்சை மிளகாய் 3, தோலுடன் பூண்டு 4 பல் ஆகியவற்றை எண்ணெயின்றி இரும்புத் தோசைக்கல்லில் புரட்டிப் புரட்டிச் சுடவும். தோல் ஆங்காங்கே கருகும்போது எடுத்து, பூண்டை உரிக்கவும். முதலில் மிளகாய், பூண்டு, உப்பை அம்மியில் நன்றாக அரைத்து, பிறகு தக்காளியைச் சேர்த்துக் கொரகொரப்பாக ஓட்டி எடுக்கவும். பொடியாக அரிந்த ஒரு வெங்காயம், ஒரு கைப்பிடி கொத்துமல்லி, அரை எலுமிச்சம்பழச் சாறு கலந்தால் ஆயிற்று. நோன்புக் கஞ்சிக்கும் வடைக்கும், சுட்ட மீனுக்கும் ஏற்றது. அன்றைக்கே உண்டுவிட வேண்டும்.

காரம் குறைய வேண்டுமா? மிளகாயைக் கீறி, விதை ஒட்டியிருக்கும் வெண்ணிற நரம்பை நீக்குங்கள். காரம் மிகுந்திருப்பது அங்கேதான், விதையில் அன்று. நிறம் மட்டும் வேண்டுவோர் காஷ்மீர் மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைக்கலாம்.

மிளகாய் அரிந்த கையில் எண்ணெய் தடவித் துடைத்த பின் சவுக்காரமிட்டுக் கழுவுங்கள். காரச்சத்து தண்ணீரில் எளிதில் கரையாது. அதற்குமுன் குழந்தையைத் தூக்க வேண்டாம். வாய் எரிந்தால் தண்ணீரைவிடப் பாலும் தயிருமே உதவும்.

இப்போது எங்கள் வீட்டில் குழம்பு மிதமாகவே கொதிக்கிறது. காரம் கிண்ணத்தில் காத்திருக்கிறது. மாமி மறுசோறு கேட்டு வாங்கிய அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை, எந்த விருந்தினர் பாராட்டும் எனக்குத் தந்ததில்லை, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டிலும் பேசாமல் எழுந்து போகிறவர் யாரேனும் உண்டா என்று இன்று சற்றே கவனியுங்கள்.

வஸ்ஸலாம்.