சட்டமன்றம் இல்லாத தீவுகளின் வாக்கு

தமிழகத்தில் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியாகும் நாளில் ஹேடோவின் தேநீர்க் கடைகளில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இராமநாதபுரத்தில் யார் முன்னிலை, சிவகங்கையில் எத்தனையாவது சுற்று என்று தொகுதி தொகுதியாகக் கணக்குச் சொல்லும் பெரியவர்கள் இங்கு உண்டு. ஆனால் ஹேடோவிலேயே பிறந்து வளர்ந்து முதுமை எய்திய ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சட்டமன்றத்திற்கு வாக்களித்திருக்க மாட்டார். அந்தமான் நிக்கோபாருக்கு அப்படியொரு மன்றமே இல்லை.

'அந்தமானின் கிராமப்புறம் எப்படி வாக்களிக்கிறது?' என்று நிலப்பரப்பிலிருந்து வரும் ஆய்வாள நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் எதிர்பார்க்கும் விடை ஒரு வண்ண வரைபடம்: திக்லிப்பூர் இந்தக் கட்சி, ராங்கத் அந்தக் கட்சி, கார் நிக்கோபார் மற்றொன்று. அவ்வாறு வரையலாம், நானும் வரைந்திருக்கிறேன். ஆனால் அந்த வரைபடம் விளக்குவதைவிட மறைப்பதே அதிகம் என்பது என் கருத்து.

இத்தீவுகளின் மக்களவை உறுப்பினரை 1967 வரை குடியரசுத் தலைவர் நியமித்தார். 1952இல் அவ்வாறு நியமிக்கப்பட்டவர் நிக்கோபாரைச் சேர்ந்த பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். நாடு மூன்று பொதுத் தேர்தல்களைக் கண்ட பிறகே இங்குள்ளவர்களுக்கு வாக்குரிமை கைக்கு வந்தது. 1977 முதல் 2024 வரை நடந்த 13 தேர்தல்களில் மனோரஞ்சன் பக்தா எட்டு முறையும் விஷ்ணு பத ராய் நான்கு முறையும் வென்றனர். 2019இல் மட்டும் குல்தீப் ராய் சர்மா. வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்ட 1977இலும் இங்கு வென்றது காங்கிரஸ்தான். 2009இல் வெற்றி வித்தியாசம் 2,990 வாக்குகள், 2019இல் 1,407, 2024இல் 24,396.

இந்த எண்களைக் கொள்கைச் சாய்வின் அளவாகக் கொள்வது எளிது. கிராமத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. கப்பலில் இடம், நோயாளியை ஏற்றிச் செல்ல ஹெலிகாப்டர், பள்ளிக்கு ஆசிரியர், தினக்கூலிப் பணியை நிரந்தரமாக்குதல், குடியேற்ற நிலத்தின் பட்டா ஆகியவற்றையே மக்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இவற்றுக்கெல்லாம் சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார், அமைச்சர் இருக்கிறார், ஐந்தாண்டுக்கொரு முறை அவர்களை வீட்டுக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. இங்கோ முடிவெடுப்பவர் துணைநிலை ஆளுநர். அவருக்கு மேலே உள்துறை அமைச்சகம். அரசமைப்பின் 240ஆவது பிரிவின்படி இத்தீவுகளுக்குக் குடியரசுத் தலைவரே ஒழுங்குவிதிகளை இயற்றலாம். எனவே மாயாபந்தரின் கரேன் விவசாயியும் கச்சாலின் இரப்பர்த் தோட்டத்தில் வாழும் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பமும் தேர்ந்தெடுப்பது டெல்லிக்கு மனு கொண்டுசெல்லும் ஒருவரைத்தான். நல்ல மனுதாரரை மக்கள் எளிதில் மாற்றுவதில்லை. பக்தாவின் நீண்ட காலத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நகராட்சியைப் பற்றி ஒரு சொல். 2022 போர்ட் பிளேர் நகராட்சித் தேர்தலில் மொத்தம் 24 வார்டுகள். காங்கிரசும் பாஜகவும் தலா பத்து. அடுத்த ஆண்டு தலைவரானவர் இரண்டே உறுப்பினர்களைக் கொண்ட தெலுங்கு தேசத்தின் செல்வி. கூட்டல் கழித்தல் அறிந்த எவருக்கும் இதில் வியப்பில்லை.

வியப்பும் வேதனையும் தெற்கே இருக்கின்றன. கலிபோர்னியாவில்போல ஒரு திட்டத்தை மக்களின் நேரடி வாக்குக்கு விடும் முறை இந்தியாவில் இல்லை. அதற்கு மிக அருகில் வருவது வன உரிமைச் சட்டம் கோரும் கிராம சபை ஒப்புதல். கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரியமும் அமைக்க 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு கேட்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் கேம்ப்பெல் பேயில் சிறப்புக் கிராம சபை கூடி ஒப்புதல் வழங்கியது. அங்குள்ள ஊராட்சிகள் 1969 முதல் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களின் ஊராட்சிகள். காடு ஷோம்பென்களுடையது, நிக்கோபாரிகளுடையது. நிக்கோபாரிகளின் பழங்குடி மன்றம் முதலில் தந்த தடையின்மைக் கடிதத்தை அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2004 ஆழிப்பேரலையால் பெயர்க்கப்பட்டுத் தங்கள் மேற்குக் கரை ஊர்களுக்கு இன்றும் திரும்ப முடியாதவர்களின் மன்றம் அது. திட்டம் நிற்கவில்லை.

2024 ஏப்ரல் 19 அன்று, ஷோம்பென் மக்களில் ஏழு பேர் வரலாற்றில் முதன்முறையாக வாக்களித்தனர். 411ஆம் எண் வாக்குச்சாவடிக்கு 'ஷோம்பென் குடில்' என்று பெயர். படங்கள் நாடெங்கும் வெளியாயின. ஜனநாயகத்தின் வெற்றி என்று பாராட்டினார்கள். அந்த மகிழ்ச்சியில் என்னால் முழுமையாகப் பங்கேற்க முடியவில்லை. சுமார் மூன்று இலட்சம் வாக்காளர் கொண்ட தொகுதியில் ஏழு வாக்குகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. தங்கள் காட்டைப் பற்றிய கேள்வியில், அவர்களே பெரும்பான்மையாக இருக்கக்கூடிய ஒரே இடத்தில், அவர்களுடைய குரல் கேட்கப்படவில்லை.

பிரான்சின் ஆளுகையிலுள்ள நியூ கலிடோனியாவில் 2018, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் விடுதலை குறித்து மூன்று வாக்கெடுப்புகள் நடந்தன. பிற்காலத்தில் குடியேறியவர்கள் அவற்றில் வாக்களிக்க இயலாதவாறு வாக்காளர் பட்டியல் வரையறுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் மூன்றாவது வாக்கெடுப்பைக் கனாக் மக்கள் புறக்கணித்தனர். முடிவின் ஏற்புடைமை இன்றும் சர்ச்சைக்குரியது. யார் வாக்காளர் என்ற கேள்வியை அங்கு வெளிப்படையாகவேனும் விவாதித்தார்கள்.

புதுச்சேரிக்கு இருப்பதுபோல் சட்டமன்றம் வேண்டும் என்ற பழைய கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன். எதிர்க்கும் அண்டை வீட்டார் எனக்கு உண்டு. 1942க்கு முன்பே இங்கு வேரூன்றிய குடும்பங்கள், பிற்காலக் குடியேறிகளின் எண்ணிக்கைக்குள் தாங்கள் கரைந்துவிடுவோம் என்று அஞ்சுகின்றன. தமிழருக்கு வங்காளியரின் எண்ணிக்கை மீது அச்சம். அவற்றை வீண் அச்சம் என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆயினும் அதே அச்சத்தைப் பன்மடங்கு உரிமையோடு எழுப்பத்தக்கவர்கள் நிக்கோபாரிகளும் ஷோம்பென்களும். வார்டு எல்லைகளையும் தொகுதிகளையும் பற்றி நாம் பேசுவதற்கு முன், பழங்குடி மன்றத்தின் மறுப்புக்குச் சட்ட வலிமை உண்டா என்பதைப் பேசியாக வேண்டும். அது இல்லாத சட்டமன்றம், கேம்ப்பெல் பேயின் கிராம சபையைப் பெரிதாக்கியதுபோல் ஆகிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாக்குச்சாவடி வாரியான தரவைத் தேடும்போது 2022ஆம் ஆண்டின் அந்த இரண்டு ஆவணங்களையும் தேடி அருகருகே வைத்துப் படியுங்கள். ஆகஸ்டின் ஒப்புதலில் யார் பேசுகிறார்கள், நவம்பரின் மறுப்பில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.