கிப்லாவும் கணினித் திரையும்: ஆசிரியர் முதலில் மாணவராகட்டும்



திருத்தணியில் வாழும் நமக்கு ஆசிரியர் தினம் ஊர்ப்பெருமையோடு சேர்ந்தது. டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த ஊர் இது. அவருடைய பிறந்த நாளை 1962 முதல் நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறது. அன்று ஆசிரியர் எவ்வளவு நன்றாகக் கற்பிக்கிறார் என்று புகழ்கிறோம். அவர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை ஜியோஜீப்ரா என்னும் வடிவியல் மென்பொருளை முன்வைத்துக் கேட்க விரும்புகிறேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001ஆம் ஆண்டு தம் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கிய பணி இது. மாணவரும் ஆசிரியரும் இதை விலையின்றிப் பயன்படுத்தலாம். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். 2018 முதல் வெளிவந்த தமிழ்நாடு அரசின் புதிய கணக்குப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதி உண்டு. அங்குள்ள பல செயல்பாடுகள் ஜியோஜீப்ரா பணித்தாள்களே. அப்படியானால் இந்த வாசல் நம் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திறந்து காட்ட ஆசிரியர் வேண்டும்.

மதரஸா ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கிப்லாவைக் கற்பிப்பவனுக்கு வடிவியலில் வேலை உண்டு. அதைப் பின்னர் கூறுகிறேன்.

எது மாறவில்லை?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அறிந்த நாற்கரத்தையே எடுத்துக்கொள்வோம். ஏதேனும் ஒரு நாற்கரத்தை வரைந்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் உள்ளே இன்னொரு நாற்கரம் தோன்றும். அது இணைகரமாகவே இருக்கும். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு படம் வரைந்து இதைச் சொன்னால் பிள்ளை எழுதிக்கொள்வான். அந்த ஒரு படத்துக்கு உண்மையானது எல்லா நாற்கரத்துக்கும் எப்படி உண்மையாகும் என்னும் ஐயம் அவனுக்குள் எழ வாய்ப்பே இல்லை.

திரையில் அதே படத்தை அமைத்து, ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். வெளி நாற்கரம் நீளும், குறுகும், சாயும். உள்ளிருப்பதும் உருமாறும், ஆனால் இணைகரமாகவே நிற்கும். பிள்ளைகள் இதை உடைத்துப் பார்க்கத் துடிப்பார்கள். பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டும்படிகூட இழுப்பார்கள். அப்போதும் அது இணைகரமே. “எல்லாம் மாறுகிறதே, இது மட்டும் ஏன் மாறவில்லை?” என்று பிள்ளையே கேட்கும் அந்தக் கணத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

இனித் தாளுக்குத் திரும்ப வேண்டும். நாற்கரத்தில் ஒரு மூலைவிட்டத்தை வரைந்தால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். ஒரு முக்கோணத்தில் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணையாகவும் அதில் பாதியாகவும் இருக்கும். இங்கே இரண்டு முக்கோணங்களுக்கும் மூன்றாம் பக்கம் அந்த ஒரே மூலைவிட்டம். ஆகவே எதிரெதிராக உள்ள இரு கோடுகளும் ஒன்றுக்கொன்று இணை, நீளத்திலும் சமம். நான்கே வரிகளில் முடிந்துவிடும் நிரூபணம். ஆனால் கேள்வி பிள்ளையின் உள்ளத்தில் பிறந்த பிறகு வந்ததால், அது மனப்பாடமாக இல்லாமல் விடையாகச் சேர்கிறது.

கண் கண்டது போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. திரையில் கண்டதே நிரூபணம் என்று பிள்ளை நம்பிவிடக்கூடும். இந்த மென்பொருள் வழக்கமாக இரண்டு தசம இடங்கள் வரையே அளவைக் காட்டும். 89.998 டிகிரி கோணமும் அங்கே 90 டிகிரியாகவே தெரியும். நான்கு புள்ளிகளைக் கண்ணளவில் வைத்துச் சதுரம் போன்ற ஒன்றையும் வரைந்துவிடலாம். ஒரு முனையை இழுத்த உடனே அது குலைந்துபோகும். செங்குத்துக் கோடும் வட்டமும் கொண்டு முறையாகக் கட்டிய சதுரமோ எப்படி இழுத்தாலும் சதுரமாகவே நிற்கும். தோற்றத்துக்கும் அடித்தளத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாகப் பிள்ளைக்குக் காட்ட முடியாது.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விவாதித்திருக்கிறார்கள். 940இல் குராசானின் பூஸ்ஜானில் பிறந்து பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அபுல் வஃபா, கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியல் அமைப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கைவினைஞர்களும் வடிவியல் அறிஞர்களும் கூடிய ஓர் அவையைப் பற்றி அதில் குறிப்பிடுகிறார். மூன்று சம சதுரங்களை வெட்டிச் சேர்த்து ஒரே சதுரமாக்குவது எப்படி என்பது அங்கே எழுந்த கேள்வி. அறிஞர்கள் அந்தச் சதுரத்தின் பக்க நீளத்தைக் கோடாக வரைந்து காட்டிவிட்டார்கள். கைவினைஞர்களுக்கு அது போதவில்லை. துண்டுகளாக வெட்டிப் பொருத்தும் முறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர்கள் கையாண்ட முறைகளில் சில சரியானவை. சில, கண்ணுக்குச் சரியாகத் தோன்றினாலும் தவறானவை. அபுல் வஃபா இரு தரப்பையும் தள்ளிவிடவில்லை. எந்த முறை ஏன் பிழை என்று விளக்கி, வெட்டிப் பொருத்தவும் முடிகிற, நிரூபிக்கவும் முடிகிற முறையை எடுத்துரைத்தார்.

கையால் செய்து பார்ப்பதும் அறிவால் உறுதி செய்வதும் சேர்ந்திருப்பதே நம் மரபு. ஊகம் உண்மையின் இடத்தை நிரப்பாது என்று குர்ஆன் நமக்குக் கற்பிக்கிறது. அதே குர்ஆன், இறந்தவற்றை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டுமாறு நபி இப்ராஹீம் (அலை) தம் இறைவனிடம் வேண்டியதையும் பேசுகிறது. ஈமான் இருந்தும் உள்ளம் அமைதி பெறவே அவர்கள் வேண்டினார்கள். அல்லாஹ் அதை மறுக்கவில்லை. பார்த்துத் தெளிய விரும்பும் பிள்ளையின் ஆவலை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

மேற்கு என்றால் எந்த மேற்கு?

இப்போது கிப்லாவுக்கு வருவோம். நம் நாட்டில் கிப்லா மேற்கே என்று சிறுவயதில் சொல்லித் தருகிறோம். சற்று வளர்ந்த பிள்ளையிடம் அடுத்த கேள்வியைக் கொடுக்கலாம். திருத்தணி வட அட்சம் 13.2, கிழக்குத் தீர்க்கம் 79.6 டிகிரியில் உள்ளது. மக்கா 21.4, 39.8 டிகிரியில் உள்ளது. தட்டையான வரைபடத்தில் இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், அது மேற்கிலிருந்து ஏறத்தாழ 12 டிகிரி வடக்கே சாயும்.

பூமி தட்டையில்லை. ஜியோஜீப்ராவின் முப்பரிமாணத் திரையில் ஒரு கோளத்தை வரைந்து, இரண்டு ஊர்களையும் புள்ளிகளாகக் குறித்து, அவற்றோடு கோளத்தின் மையத்தையும் சேர்த்து ஒரு தளம் அமையுங்கள். அந்தத் தளம் கோளத்தை வெட்டும் பெருவட்டமே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழி. ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர். அடுத்து திருத்தணி, வடதுருவம், மையம் ஆகிய மூன்றின் வழியே இன்னொரு தளம் அமைத்து, இரண்டு தளங்களுக்கும் இடையிலான கோணத்தை அளந்தால் ஏறத்தாழ 72 டிகிரி கிடைக்கும். அதாவது மேற்கிலிருந்து வடக்கே 18 டிகிரி. தட்டை வரைபடம் சொன்னதற்கும் இதற்கும் 6 டிகிரி வேறுபாடு. அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் வாதிடட்டும். கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாக அறிய அல்பிரூனி 1025இல் ஒரு நூலையே முடித்தார் என்பதன் பொருள் அப்போது அவர்களுக்கு விளங்கும்.

திரை சொன்னதை வெயிலில் சரிபார்க்கவும் வழி உண்டு. ஆண்டுக்கு இருமுறை, மே 27, 28 தேதிகளை ஒட்டியும் ஜூலை 15, 16 தேதிகளை ஒட்டியும், சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் வருகிறது. நம் நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அந்த நேரத்தில் சமதரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால், நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசை கிப்லா. மே மாதம் பள்ளி விடுமுறை. ஜூலையில் வானம் மேகமின்றி இருந்தால் கணக்கு ஆசிரியரும் உஸ்தாதும் சேர்ந்தே இப்பாடத்தை நடத்தலாம்.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். இதைக் கற்றுக்கொண்டு பழைய பள்ளிவாசல்களின் ஸஃப்பைக் குறைசொல்லப் புறப்படக்கூடாது. தொலைவில் வாழ்வோர் கிப்லாவின் திசையை நோக்கினால் போதும் என்பது ஃபிக்ஹ் அறிஞர்களில் பெரும்பாலோரின் நிலை. மஹல்லாவில் பிளவை உண்டாக்கும் அறிவு பயனுள்ள அறிவாகாது.

தெரியாது என்று சொல்லும் துணிவு

இத்தகைய வகுப்புக்கு முதல் தடை கருவியில்லை, ஆசிரியரின் அச்சமே. பிள்ளை எதையாவது இழுத்துவிட்டு, நாம் எதிர்பாராத ஒன்றைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்கு “எனக்குத் தெரியாது” என்று கூறியவர்கள். அதனால் அவர்களின் மதிப்பு குறையவில்லை. “எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளை கணக்கை மட்டுமல்ல, அறிவின் ஒழுக்கத்தையும் கற்கிறான்.

தொடங்குவதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. புள்ளி, கோடு, வட்டம், நடுப்புள்ளி, செங்குத்து, இணைகோடு ஆகிய கருவிகள் கைவந்தாலே பள்ளி வடிவியலில் பெரும்பகுதியை அமைத்துவிடலாம். இழுப்பதற்கு முன் என்ன நிகழும் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். சுட்டியை ஆசிரியரே வைத்துக்கொண்டு படம் காட்டாமல் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரே மடிக்கணினி என்றால் மும்மூவராக முறை வைக்கலாம். எல்லை ஊரான இங்கே வீட்டில் உருது, தெரு முழுக்கத் தமிழும் தெலுங்கும் என வளரும் பிள்ளைகள் உண்டு. பாடநூலின் கலைச்சொல்லில் தடுமாறும் பிள்ளையும் திரையில் நகரும் படத்தை உடனே புரிந்துகொள்வான். சொல் பின்னால் வந்து சேரும்.

பெற்றோருக்கு

கைபேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்னும் உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எதையும் பிடுங்கி வைப்பதால் மட்டும் காலியிடம் நிரம்பாது. உங்கள் கண்முன்னே, கூடத்தில் அமர்ந்து, அரைமணி நேரம் ஒரு வடிவத்தை இழுத்துப் பார்க்கும் பிள்ளை அதே கருவியை வேறு விதமாக மதிக்கப் பழகுகிறாள். அவள் என்று சொல்வது வேண்டுமென்றேதான். கணக்கு வராது என்று பெண்பிள்ளைகளின் படிப்பை நாமே குறுக்கிவிடும் வழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

மனப்பாடத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. குர்ஆனை நெஞ்சில் சுமப்பது இந்த உம்மத்தின் பெரும் பேறு. ஆனால் வடிவியல் தேற்றத்தை ஏன் என்று அறியாமல் ஒப்பிப்பதில் அந்தச் சிறப்பு இல்லை. அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது மதிப்பெண்ணோடு சேர்த்து இன்னொன்றையும் கேளுங்கள்: “புத்தகத்தில் உள்ள இணையச் செயல்பாட்டை என் பிள்ளை செய்து பார்த்தாளா?” பெற்றோர் கேட்கத் தொடங்கினால் ஆசிரியர்களும் கற்கத் தொடங்குவார்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. கற்பிப்போரைக் கற்போராகவும் நிலைத்திருக்கச் செய்வாயாக. ஆமீன்.