உதட்டுச் சாயமும் ஊதுகருவியும்

இசைமேடை ஏறும் பெண் உதட்டுச் சாயம் பூசலாமா, கூடாதா என்னும் வழக்கு தமிழரிடையே ஓய்ந்தபாடில்லை. பூசினால் பண்பாடு கெட்டது என்பார் ஒரு சாரார். பூசாவிடின் மேடை பொலிவிழந்தது என்பார் மற்றொரு சாரார். இருவரும் நோக்குவது முகத்தையே; இசையை அன்று.

பண்பாட்டின் பெயரால் தடுப்போர் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். மாதவியின் ஒப்பனையை இளங்கோவடிகள் எத்துணை விரிவாகப் பாடியுள்ளார்! நாகசுர வித்துவானின் வாய் வெற்றிலையால் சிவந்திருந்தபோது அதனையும் மேதைமையின் அழகென்று வியந்தது அவை. பெண்ணின் இதழ் சாயத்தால் சிவந்தால் மட்டும் ஒழுக்கநூலைத் தேடுவது எவ்வகை நீதி?

இனி, பூசியே ஆகவேண்டும் என்போர் கூற்றை நோக்குவோம். "ஒட்டாத சாயம் கடையில் கிடைக்கின்றதே, தடை என்ன?" என்பது இவர்தம் வாதம். அமெரிக்க வேதியியலாளர் ஹேசல் பிஷப் 1950-இல் அத்தகைய சாயத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார் என்பது உண்மையே. வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் அதனால் இடையூறில்லை. ஊதுகருவியின் நிலை வேறு. நாகசுரத்தின் சீவாளி நாணல் தட்டையால் ஆனது. உமிழ்நீரில் நனைந்து பதப்படுவது. கமகம் பிறப்பதில் இதழ் தரும் அழுத்தத்தின் நுண்ணிய வேறுபாட்டுக்கும் பங்குண்டு. ஒட்டாத சாயமோ இதழின்மேல் உலர்ந்த படலமாய்ப் படிந்து, அந்நுண்ணுணர்வை மழுங்கச் செய்யும். மெழுகு கலந்த பழைய சாயமோ சீவாளியில் ஏறும். புல்லாங்குழலின் துளையோரத்தில் படியும். கறை படியாமை வேறு; இசை கெடாமை வேறு.

பினாங்கின் தைப்பூசத்தை எண்ணுக. காரைக்குடியிலிருந்து 1894-இல் வந்த வெள்ளித்தேர், ஜார்ஜ் டவுன் தெருக்களைக் கடந்து தண்ணீர்மலையை அடையப் பல மணி நேரம் ஆகும். வெயிலிலும் வியர்வையிலும் தேரின்முன் நின்று ஊதுவோர்க்கு வேண்டுவது நிறம் மங்காத இதழா, மூச்சுக்கு இசையும் இதழா?

மதுரை எம். எஸ். பொன்னுத்தாய், ஆடவரே கோலோச்சிய நாகசுர உலகில் தனித்து நின்று புகழ் பெற்றார். காலீஷாபி மகபூப், தம் கணவருடன் 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருவரும் இடம் பிடித்தது மூச்சாலும் விரலாலும், ஒப்பனையால் அன்று.

ஆகவே, தடையும் வேண்டா, கட்டாயமும் வேண்டா. கருவியும் குருவும் கலைஞரும் கூடி முடிவு செய்யட்டும். இதழைக் கொண்டே எடைபோடப்படும் மாணவி, நாளடைவில் குழலையே கீழே வைத்துவிடுவாள். அவ்விழப்பு அவளுடையது மட்டுமன்று, தமிழிசையுடையதுமாகும். தமிழாசிரியர்களே, மாணவர்களே! மேடையேறக் காத்திருக்கும் பெண்ணிடம், "சாயம் பூசினாயா?" என்று வினவுதல் ஒழிக. "சீவாளி பதமாயிற்றா?" என்று வினவுக.