அப்பாவின் டீசல் அம்பாசிடரை மறுபடி ஓட்ட முடியுமா? சட்டம் ஒன்று சொல்கிறது, புகை வேறொன்று சொல்கிறது

ஊரில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி ஒரு வண்டி நிற்கிறது. 1996 மாடல் அம்பாசிடர் டீசல், வெள்ளை. அப்பா இறந்த பிறகு யாரும் அதை ஸ்டார்ட் செய்யவில்லை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது தம்பி கேட்டான்: "எடைக்குப் போட்டுடலாமா, இல்ல ரெடி பண்ணிப் பாக்கலாமா?"

ஒரு வரிக் கேள்விதான். பதில் தேடப் போனால் உச்ச நீதிமன்றம், ஆர்.டி.ஓ. அலுவலகம், டீசல் பம்ப் கடை என்று இழுத்துக்கொண்டே போகிறது. இதே கேள்வியோடு நிறைய வீடுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் நிற்பது அம்பாசிடருக்குப் பதில் இண்டிகோவாகவோ ஐகானாகவோ இருக்கலாம். சட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடலாம். "பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டிக்குத் தடை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி டெல்லியும் அதைச் சுற்றிய தலைநகரப் பகுதியும் சம்பந்தப்பட்டது. அங்கே 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் தடையைப் போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருளே கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு மூன்று நாளில் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட்டில், வயதை மட்டும் காரணமாக வைத்து உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அதையே திருத்தி, பி.எஸ்.-4 தரத்துக்குக் கீழே இருக்கும் பழைய வண்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றது.

தமிழ்நாட்டில் இப்படி வயதை வைத்து ஒட்டுமொத்தத் தடை எதுவும் இல்லை. ஆனால் அந்த டிசம்பர் திருத்தத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

அது ஏன் எல்லாரும் டீசல் வாங்கினாங்க?

1957-ல் வந்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வாரிசு. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரானது. 1980 வாக்கில் அதில் டீசல் எஞ்சின் வந்தது. இந்தியச் சந்தைக்கு டீசலோடு வந்த முதல் கார் என்று அதைத்தான் சொல்வார்கள். 1,489 சி.சி., சுமார் 37 குதிரைத்திறன். அதில் பாதி அளவுள்ள மாருதி 800-இன் பெட்ரோல் எஞ்சினும் ஏறக்குறைய அதே சக்தியைத்தான் கொடுத்தது; அம்பாசிடரோ ஒரு டன்னுக்கு மேல் எடை. மேட்டில் ஏறும்போது பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வருவதன் ரகசியம் இதுதான்.

ஆனாலும் வாங்கினார்கள், காரணம் டீசல் விலை. அரசு மானியம் கொடுத்து விலையைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. 2012-ல்கூட சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. உரக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு வாரத்தில் ஆறு நாள் ஓட்டம். ஏழாம் நாள் அதே வண்டியில் எட்டுப் பேராகப் பழனிக்கோ சமயபுரத்துக்கோ. முன் சீட்டும் ஒரே நீள பெஞ்ச், கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே. அதனால் நடுவில் ஒரு பிள்ளையை உட்காரவைக்க முடியும். அந்தப் பிள்ளை நான்தான். காலையில் சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் பண்ண விடமாட்டார். "ஹீட்டர் போட்டிருக்கேன், இருபது எண்ணு" என்பார். நான் எண்களைக் கற்றுக்கொண்டதே அந்த சீட்டில்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது 2014 அக்டோபரில். அதே வருஷம் மே மாதம்தான் உத்தர்பாரா ஆலையும் நின்றது. ஒன்றுக்கொன்று நேரடி சம்பந்தம் இல்லை. ஆனால் ஒரு காலம் முடிந்த வருஷம் அது. இன்று சென்னையில் அந்த விலை வித்தியாசம் பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. 2023-க்குள் ஹோண்டா சிட்டி, வெர்னா எல்லாம் டீசலை நிறுத்திவிட்டன. நடுத்தரக் குடும்பம் வாங்குகிற விலையில் டீசல் செடான் என்ற ஒரு ஜாதியே ஷோரூமில் இல்லாமல் போனது. பழசைக் கொடுத்தால் அதே மாதிரி புதுசு வாங்க முடியாது என்பது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதில்லை, நிஜம்.

எஞ்சினுக்கு முன்னால் பேப்பர்

பெரும்பாலானவர்கள் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். தப்பு. முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள்.

சொந்த உபயோக காரின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பா 2011-லும் 2016-லும் ஒழுங்காகப் புதுப்பித்திருக்கிறார். 2021-ல் செய்ய ஆள் இல்லை. ஆக வண்டி இப்போது சட்டப்படி ரோட்டில் இறங்கக் கூடாது. ஆய்வுக்கே டோ பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும்.

கட்டணம்தான் பலரை அதிரவைக்கிறது. ஒரு காலத்தில் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000. 2025 ஆகஸ்டில் இன்னொரு திருத்தம் வந்தது: 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். புதுப்பிக்கத் தாமதித்தால் மாதத்துக்கு 500 வீதம் கூடுதல் கட்டணம், அதாவது ஒரு வருஷத்துக்கு 6,000. இதோடு பசுமை வரி தனி. எடைக்குப் போட்டால் கிடைக்கும் காசைவிட அரசுக்குக் கட்டுவது அதிகமாகிவிடும் நிலை சிலருக்கு வரும். விதியை எழுதியவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வண்டி இறந்தவர் பெயரில் இருந்தால் இன்னொரு சுற்று. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31. சட்டம் இதற்குக் கொடுக்கும் அவகாசம் மூன்று மாதம். துக்க வீட்டில் யார் அதைப் பற்றி யோசிக்கிறார்கள்? எங்கள் வீட்டிலும் யோசிக்கவில்லை. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. பழைய புத்தக ஆர்.சி.யாக இருந்தால் பரிவாகன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணையே காணோம் என்று வரலாம். பதறவேண்டாம். பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். இது முடியாமல் மற்ற எதுவும் நகராது.

வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினை எப்படி எழுப்புவது?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: புது பேட்டரியை மாட்டி நேராக செல்ஃப் அடிப்பது. சிலிண்டருக்குள் லேசாகத் துரு பிடித்திருந்தால் ரிங் போய்விடும். நாங்கள் கூப்பிட்ட மெக்கானிக் அண்ணன் முதல் நாள் செய்தது, ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டதுதான். மறுநாள் வந்து கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. அன்றைக்கு வீட்டில் பாயசம்.

அடுத்து டேங்க். பழைய டீசலில் தண்ணீர் சேர்ந்து, அடியில் கறுப்புப் பிசினாக உறைந்துவிடும். அதைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்தால் அத்தனை அழுக்கும் ஃபில்டர் வழியாக பம்ப்புக்குப் போகும். பம்ப், நாசில் இரண்டையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்து அளவு பார்த்து வாங்க வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோவை, ஈரோடு, சேலம் மாதிரி லாரித் தொழில் உள்ள ஊர்களில் சுலபமாகக் கிடைப்பார்கள். சென்னையில் என்றால் உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை. ஐம்பது வருஷத்துக்கு மேல் பெரிதாக மாறாமல் தயாரான வண்டி என்பதால் அம்பாசிடருக்குப் பாகம் கிடைப்பது ஒரு பெரிய கஷ்டமே இல்லை. அதைவிடப் புதிய வண்டிகளுக்குத்தான் சென்சார் கிடைக்காமல் அலைகிறார்கள்.

அப்பா இருபது எண்ணச் சொன்னதற்கும் இங்கே காரணம் கிடைத்தது. இந்த எஞ்சினில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. பக்கத்தில் உள்ள ஒரு சின்ன அறையில் முதலில் பற்றுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த அறையை ஹீட்டர் பிளக் சூடாக்கினால்தான் பற்றும்.

செலவில் எஞ்சின் சின்ன பங்குதான். பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், எல்லா ஹோஸ்களும், எலி கடித்த ஒயரிங், டயர் என்று பட்டியல் நீளும். டயரில் நூல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், தயாரான வாரமும் வருஷமும் அதில் இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரியது துரு. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்பு. தரைத்தகடும் ஓரச் சட்டமும் அரித்துப்போயிருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. பெயின்ட் அடித்து மறைத்தால் பார்க்க அழகாக இருக்கும், மோதினால் தாங்காது.

சரி, புகை?

இங்கேதான் எனக்கும் தம்பிக்கும் சண்டை. "வருஷத்துக்கு ரெண்டு தடவை பழனி போறதுக்கு என்ன புகை வந்துடப் போகுது?" என்கிறான் அவன்.

1996 வண்டி, பி.எஸ். என்ற பெயரே வருவதற்கு முந்தையது. புகையைச் சுத்தம் செய்யும் எந்தக் கருவியும் அதில் கிடையாது. அம்பாசிடரே பி.எஸ்.-4 தரத்துக்கு வந்தது 2013-ல்தான், கடை மூடுவதற்கு ஒரு வருஷம் முன்னால். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-லேயே உறுதிப்படுத்தி, முதல் வகைப் பட்டியலில் வைத்துவிட்டது. முன் சீட்டின் நடுவில் உட்கார்ந்து இருபது எண்ணிய பிள்ளையாக இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

நம் புகைச் சோதனையில் பி.எஸ்.-4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு அனுமதி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பி.எஸ்.-4-க்கு 50. ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தி, வெளிவரும் புகையில் ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்று அளப்பார்கள். நாசில் சரியாக இருந்தால் பழைய எஞ்சினாலும் இதைத் தாண்ட முடியும். ஆனால் வண்டியைப் பார்க்காமலேயே சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் இடங்கள் இருப்பதும் ஊரறிந்த விஷயம். பதினோரு வருஷ டீசல் காரைப் பார்த்து பயப்படும் நாம், இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

டெல்லியின் டிசம்பர் திருத்தம் எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான். வயதை விட்டுவிட்டு மாசுத் தரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது சரியான திசை. ஆனால் அந்த அளவுகோல் இங்கே வந்தால் எங்கள் வண்டி முதல் நாளே வெளியே.

சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது, 'விண்டேஜ்' பதிவு. 2021 விதிப்படி 50 வயதான, மாற்றம் செய்யாத வண்டிக்குத் தனி எண்; முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு மாதிரியானவற்றுக்கு மட்டும் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. முதல் டீசல் அம்பாசிடர்களுக்கே அந்தத் தகுதி 2030 வாக்கில்தான் வரும். எங்களுடையதற்கு 2046. இருபது வயதில் கட்டணம் இரட்டிப்பு, ஐம்பதில் பாரம்பரியச் சின்னம். நடுவில் இருக்கும் முப்பது வருஷத்துக்கு, "வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டுவேன், புகையை ஒழுங்காகக் காட்டுகிறேன்" என்று சொல்கிறவருக்கு ஒரு பிரிவே இல்லை. ஓ.எம்.ஆரில் தினமும் அறுபது கிலோமீட்டர் ஓடுகிற பழைய டீசலும் கொட்டகையில் நிற்கிற பழைய டீசலும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. கிலோமீட்டரைக் கணக்கில் எடுக்கும் ஒரு பிரிவு வந்தால் முதல் விண்ணப்பம் எங்களுடையதாக இருக்கும்.

எங்கள் வண்டியின் பம்ப் இப்போது சேலத்தில் ஒரு கடையில் இருக்கிறது. தம்பியும் நானும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம்: பம்ப் வந்து மாட்டியதும், பெயின்டிலோ சீட்டிலோ ஒரு ரூபாய் போடுவதற்கு முன் புகையை நிஜமாக அளந்து பார்ப்பது. சட்டம் 65 வரை விடுகிறது. நாங்கள் 50 என்று வைத்திருக்கிறோம். தாண்டினால் முன் சீட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுவது. வாரிசுச் சான்றிதழ் போன வாரம்தான் கைக்கு வந்தது.