தொட்டிக்குள் ஒரு திணை

வரவேற்பறையில் மீன்தொட்டி வைப்பது இன்று பெருநகரத்துப் பழக்கம் மட்டுமன்று. பொம்மிடி போன்ற சிற்றூர்களிலும் புதுமனை புகுவிழா முடிந்த கையோடு தொட்டி வாங்கி வைக்கிறார்கள். நீலத்தாள் ஒட்டிய பின்புறம், சாயம் பூசிய கூழாங்கற்கள், வாய் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை, பத்துப் பன்னிரண்டு வண்ணமீன்கள். முதல் வாரம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். இரண்டாம் வாரம் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. மூன்றாம் மாதம் அந்தத் தொட்டி, கற்களோடு மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. "எங்களுக்கு மீன் ராசி இல்லைங்க" என்ற ஒரு வாக்கியத்தோடு கதை முடிகிறது.

அந்த வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. மீன் ராசியால் சாவதில்லை, நீரால் சாகிறது. நீரை அறிந்துகொள்ளாத நம் அவசரத்தால் சாகிறது. இன்னும் ஒரு படி மேலே சென்று, வாஸ்துவின் பெயரால் ஒரு விளக்கமும் வழங்கிவருகிறது. வீட்டுக்கு வரவிருந்த கேட்டை, கண்ணேற்றைத் தான் வாங்கிக்கொண்டு மீன் இறந்துவிட்டதாம். செத்த மீனுக்குப் பதில் இன்னொன்று வாங்கிவிட்டால் கணக்குச் சரியாம். இதைவிடச் சௌகரியமான நம்பிக்கை வேறு இருக்க முடியாது. கொன்றவனுக்குக் குற்றவுணர்வு இல்லை. கூடவே ஒரு நன்மையும் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஏன் இறந்தது என்ற கேள்வி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. கேள்வி அடைபட்ட இடத்தில் அதே பிழை திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று ஒரு வரிசை வைத்தார். நிலமும் பொழுதும் முதல். அவற்றின்மீது தோன்றும் உயிர்களும் பிறவும் கரு. அவற்றின் பின்னணியில் நிகழும் ஒழுக்கம் உரி. நாம் மீன்தொட்டியில் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். மீனின் துள்ளலைப் பார்த்து மயங்கி மீனை முதலில் வாங்குகிறோம். பிறகு அதற்கொரு தொட்டி தேடுகிறோம். நீரைப் பற்றி யோசிப்பதே இல்லை. குழாயைத் திறந்தால் வருவது நீர், அவ்வளவுதான். உண்மையில் மீன் வளர்ப்பு என்பது மீனை வளர்ப்பதன்று, நீரை வளர்ப்பது. நீர் நன்றாக இருந்தால் மீன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மீன்தொட்டியின் வரலாறே ஒரு பிழையிலிருந்து தொடங்குவதுதான். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் வைத்தார். செடி உயிர்வளி தரும், மீன் வாழும் என்பது அவர் கணக்கு. கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின, நீர் கலங்கியது. அவர் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடவில்லை. குளத்தில் இந்த அழுகலை யார் தின்கிறார்கள் என்று பார்த்தார்; நீர்நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நீர் தெளிந்தது. 1850ஆம் ஆண்டில் அவர் இதை வேதியியல் கழகத்துக்கு எழுதித் தெரிவித்தார். தொட்டி என்பது பாத்திரம் அன்று, பல உயிர்கள் ஒன்றையொன்று தாங்கும் ஓர் ஏற்பாடு என்ற அறிவு அங்கே பிறந்தது.

வாரிங்டனுக்கும் தெரியாத ஓர் உயிர் அந்தப் பாத்திரத்தில் இருந்தது. மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், இரத்தத்தில் கலந்து, நீரில் உயிர்வளி இருக்கும்போதே மீனை மூச்சுத் திணற வைக்கும். இன்னொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது ஓரளவு தீங்கற்றது, செடிகளுக்கு உரமாகும், மிஞ்சியதை நீர் மாற்றும்போது வெளியேற்றிவிடலாம். இந்த நுண்ணுயிர்களை வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890ஆம் ஆண்டளவில் பிரித்துக் காட்டினார். இவை நீரில் மிதந்து திரிவதில்லை. கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இந்த ஒரு செய்தி போதும், நம் வீடுகளின் பெரும்பாலான மீன்சாவுகளை விளங்கிக்கொள்ள. தொட்டி வாங்கிய அன்றே பன்னிரண்டு மீன்களை விடுகிறோம். அவற்றின் கழிவை மாற்ற அங்கே யாரும் இல்லை. ஏழெட்டு நாளில் நஞ்சு ஏறி மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. குழந்தைகள் அதைப் பசி என்று எண்ணி மேலும் தீனி போடுகிறார்கள், தீனியும் அழுகுகிறது. இரண்டு மீன் இறந்ததும் வீட்டார் பதறி, தொட்டியைக் காலிசெய்து, கற்களைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவி, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, வெயிலில் காயவைத்து, முற்றிலும் புதுநீர் நிரப்புகிறார்கள். அரும்பத் தொடங்கியிருந்த நுண்ணுயிர்கள் அத்தனையும் அழிந்தன. மறுபடி முதலிலிருந்து. தூய்மை என்று நாம் நினைப்பது அங்கே அழிவாகிறது. வீடு துடைக்கும் அறிவு வேறு, குளம் காக்கும் அறிவு வேறு.

செய்ய வேண்டியது கடினமானதன்று. தொட்டியில் மணலும் நீரும் செடியும் இட்டு வடிகட்டியை ஓடவிட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் தூவி ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். நண்பர் வீட்டுப் பழைய, நோயற்ற தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கிடைத்தால் காலம் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்றதுதான் இது. பிறகு இரண்டு மீன். சில வாரம் கழித்து இன்னும் இரண்டு. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றவேண்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். தீனி இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும்.

அடுத்தது நம் ஊர் நீர். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரின் குணம் இங்கே வாழ்பவர்களின் பற்களில் எழுதப்பட்டிருக்கிறது. புளோரைடு மிகுந்த நீர் அது. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. எனவே இன்று நம் வீடுகளில் இருவகை நீர் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் ஒன்று. குளோரின் கலந்து வரும் காவிரி நீர் மற்றொன்று. குளோரின் கலந்த நீரை நேரே தொட்டியில் ஊற்றினால் மீனின் செவுளும் கெடும், நுண்ணுயிரும் சாகும். ஒருநாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துப் பிறகு பயன்படுத்தவேண்டும். உப்பு நீரில் காரத்தன்மை மிகுதி. காரம் ஏறிய நீரில் அம்மோனியாவின் நச்சும் ஏறும். இதற்கு அஞ்சிச் சிலர் ஆர்.ஓ. எந்திரத்து நீரையே நிரப்புகிறார்கள். அது மறுகோடி. தாதுக்கள் அகன்ற அந்நீரின் தன்மை எளிதில் நிலைதடுமாறும்.

நீரை மீனுக்காக மாற்றுவதைவிட, நீருக்கேற்ற மீனைத் தேர்வது அறிவுடைமை. அமேசான் காட்டோடைகளின் மென்மையான, அமிலச் சார்புள்ள நீரில் பிறந்தது நியான் டெட்ரா. அதைப் போர் தண்ணீரில் விட்டுவிட்டு ராசியைப் பழிப்பது முறையா? மாறாகக் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி ஈனும் மீன்கள் கடின நீரை விரும்புபவை. நம் கிணற்று நீர் அவற்றுக்கு ஏறத்தாழ ஊர் நீர். நெய்தல் மாந்தரைக் குறிஞ்சியில் குடியேற்றினால் என்ன ஆகும் என்பதை நாம் வகுப்பில் விளக்குகிறோம், வீட்டில் மறந்துவிடுகிறோம்.

பொழுதும் முதற்பொருள் அல்லவா? 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் ஏழரைதான் தாங்கும். நம் சித்திரை வெயிலில், மின்சாரம் நின்று காற்றுக்குமிழி மோட்டாரும் நின்றுபோன ஒரு பிற்பகல், நெரிசலான தொட்டியைக் காலிசெய்யப் போதுமானது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை 56 லிட்டர்தான் கொள்ளும். அதில் எத்தனை மீன் என்பதை அழகு முடிவுசெய்யக் கூடாது; கோடை முடிவுசெய்யவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைப் பொன்மீன், ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒற்றைச் சண்டைமீன் என்று விற்கிறார்கள். பொன்மீன் ஓரடிக்கும் சற்றுக் குறைவாக வளரக்கூடியது. பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. கிண்ணத்தில் அது மாதங்களில் முடிகிறது. சண்டைமீன் காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்புடையது. அதனால் பாட்டிலில் உடனே சாவதில்லை. சாகாமல் இருப்பதும் வாழ்வதும் ஒன்றல்ல. 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு மீன்கடைகளுக்கான விதிகளை அறிவித்தது. வணிகர்களின் எதிர்ப்புக்குப் பின் அவை திரும்பப் பெறப்பட்டன. கொளத்தூர் போன்ற இடங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு வண்ணமீன்தான் சோறு போடுகிறது. அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் விதி இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்றாகிவிடாது. அது வாங்குகிற நம் கைக்கு இடம் மாறியிருக்கிறது.

அப்பொறுப்பு வீட்டுச் சுவரோடு முடிவதுமில்லை. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இரண்டங்குல சக்கர் மீனை விற்கிறார்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அது ஓரடிக்கு மேல் வளர்கிறது. தொட்டி கொள்ளாதபோது, கொல்ல மனமில்லாமல், இரக்கம் என்று நினைத்துக்கொண்டு அதை ஏரியில் விட்டுவிடுகிறோம். எலும்புத் தகடு போர்த்திய அந்த மீனைத் தின்ன இங்கே எளிதில் எதுவும் முன்வருவதில்லை. கரையில் வளை தோண்டுகிறது. மீனவர் வலையைக் கிழிக்கிறது. கெண்டைக்கும் விராலுக்கும் உரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் இன்று இது வலையில் ஏறுகிறது. சேர்வராயன் மலையில் பிறந்து நம் பக்கம் இறங்கும் வாணியாற்றில் ஒருவர் ஒரு வாளியைக் கவிழ்த்தால், அதைத் திரும்ப அள்ளுவதற்கு யாராலும் இயலாது. தொட்டியின் பிழை தொட்டியோடு போகும். ஆற்றில் செய்த பிழைக்குத் திருத்தம் இல்லை.

இங்கிலாந்து இதைக் கண்டது. பிலிப் ஹென்றி காஸ் 1854ஆம் ஆண்டில் எழுதிய நூல் கடல்மீன் தொட்டி மோகத்தைப் பரப்பியது. மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைப் பாறைகளுக்குச் சென்று உயிர்களைச் சுரண்டி எடுத்தார்கள். அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலில், அந்தப் பாறைக்குளங்கள் வெறுமையாகிப் போனதைத் துயரத்தோடு பதிவுசெய்திருக்கிறார். தந்தையின் காதலே அழிவுக்கு வழிகாட்டியது. நம் பக்கத்திலும் அதன் சாயல் உண்டு. 1865ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே விவரித்து, சென்னை ஆளுநர் டெனிசன் பெயரைச் சூட்டிய செங்கோட்டு மீன், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கே உரியது. 'மிஸ் கேரளா' என்ற வணிகப் பெயரில் ஏராளமாகப் பிடிக்கப்பட்டு, இன்று அருகிவரும் இனமாக உலகப் பட்டியலில் நிற்கிறது. எனவே நாட்டு மீன் வளர்ப்போம் என்று சொல்வதிலும் கவனம் தேவை. ஓடையில் பிடித்ததை அன்று, பண்ணையில் பிறந்ததையே வாங்கவேண்டும். வரிக்குதிரைக் கோடுகள் கொண்ட ஜீப்ரா டேனியோ நம் நாட்டு ஆறுகளுக்குரியது, எளிய மீன், உலகின் ஆய்வகங்களெல்லாம் அதைக் கொண்டாடுகின்றன. நம் கடைகளில் அது மிக மலிவான மீன் என்பதாலேயே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, மீனை ஆற்றிலேயே விட்டுவிடலாமே என்று ஒரு சாரார் கேட்கக்கூடும். அக்கேள்வியை நான் மதிக்கிறேன். பொறுமை இல்லாதவர்களுக்கு அதுவே சரியான விடையும்கூட. ஆயினும் ஏரிகள் பேருந்து நிலையமாகவும் குப்பைமேடாகவும் மாறிவரும் காலத்தில், நீர் என்பது உயிருள்ளது என்று ஒரு குழந்தை கற்றுக்கொள்ள வீட்டில் ஓர் இடம் இருப்பது நல்லது. இன்று நீர் கலங்கியிருக்கிறதே, நேற்று என்ன செய்தோம் என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஊர் ஏரியைப் பார்த்தும் அதையே கேட்கும். ராசி என்று சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை கேட்காது.

தொட்டி வாங்க எண்ணுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. முதல் மாதம் மீன் வாங்காதீர்கள். வருகிறவர்கள் வெறுந்தொட்டியைப் பார்த்துச் சிரிக்கட்டும். அந்த ஒரு மாதம் காத்திருக்க முடியவில்லை என்றால், மீன் வளர்ப்பு நமக்கு உரியதன்று என்று அறிந்து விலகிவிடலாம். அதற்குள் ஓர் உயிரும் போயிருக்காது.