‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’

பெருநோய் கண்டவரின் உறவினர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று கேட்கும் சொற்களுள் மிகக் கொடியது நோயின் பெயர் என்று பலர் கருதுவர். நம் கருத்தில் அது வேறொன்று. ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்பதே அது. மருத்துவர் இதனைக் கல்நெஞ்சத்தோடு கூறுவதில்லை. தம் கலையின் எல்லையைத்தான் கூறுகிறார். ஆயினும் நோயைத் தீர்க்க வழியில்லை என்பதும், நோயாளிக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பதும் ஒரே பொருள் தரும் இரு தொடர்கள் அல்ல. இவ்வேறுபாட்டை அறியாமையால் எங்கள் குடும்பம் ஒரு மனிதருக்கு இழைத்த தீங்கினை ஈண்டுச் சொல்லத் துணிகிறோம்.

எங்கள் தாய்மாமா மளிகைக் கடை நடத்தியவர். வெற்றிலையும் புகையிலையும் வாயில் இல்லாத வேளை தொழுகை வேளை மட்டுமே. வாய்ப்புற்று முற்றிய நிலையில் மேற்சொன்ன சொல்லோடு வீடு திரும்பினார். அதன்பின் நான்கு மாதம் உயிரோடிருந்தார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரையே அவருடைய வலிக்கு நாங்கள் அளித்த மருந்து. இரவு முழுவதும் சுவரில் சாய்ந்து அமர்ந்திருப்பார். கன்னத்துப் புண்ணின் வாடை பிறருக்குத் துன்பம் தருமென்று பேரப்பிள்ளைகளை அருகே விடமாட்டார். மெட்ரோனிடசோல் என்னும் மாத்திரையைப் பொடித்து அத்தகைய புண்ணில் இட்டால் அவ்வாடை பெரிதும் குறையும் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது நாம் அடைந்த வேதனை பெரிது. விலை மிகக் குறைந்த மாத்திரை அது. அது கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் அவர் மடியில் அமர்ந்திருப்பார்கள்.

அவரிடம் ‘வெறும் வாய்ப்புண்தான்’ என்றே சொல்லி வந்தோம். அஸர் தொழுகைக்குப் பின் ஊரே வந்து நலம் விசாரிக்கும். அவரால் விழுங்க இயலாத ஆப்பிள்களைக் கொண்டுவந்து அடுக்கும். நோயாளியை நலம் விசாரித்தல் நம் மார்க்கத்தில் பெரும் நற்செயலாகப் போற்றப்படுவது; அதில் ஐயமில்லை. ஆனால் வந்தவர் அத்தனை பேரும் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஒரே வாக்கியத்தையே சொல்லிச் சென்றனர். அவர் மௌத்தான மூன்றாம் நாள் கைம்பெண் ஒருவர் வந்தார். சிறுகச் சிறுகத் தம் சேமிப்பை மாமாவிடம் கொடுத்து வைத்திருந்ததாகக் கூறினார். ஏட்டில் கணக்கு இல்லை. அவர் சொன்ன தொகையை அப்படியே கொடுத்துத் தீர்த்தோம். தொகை சரிதானா என்று சொல்ல வேண்டியவரிடம் நான்கு மாதம் நாங்கள் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். கடன் தீராமல் போவதை எத்துணை அஞ்சியவர் அவர்!

தீராத நோயின் துன்பத்தைத் தணிப்பதற்கென்றே ஒரு மருத்துவத்துறை உண்டு. லண்டனில் செவிலியாகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவமும் பயின்ற சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற காப்பகத்தை நிறுவி இதற்கு உருக்கொடுத்தார். வலி என்பது உடலில் மட்டும் இருப்பதன்று. மனத்திலும், குடும்பத்திலும், ஆன்மாவிலும் சேர்ந்தே இருப்பது என்பது அவர் கண்ட முடிவு. இத்துறையின் ஆங்கிலப் பெயர் போர்வையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பர். தமிழில் ‘வலி தணிப்பு’ என்றும் ‘நோய் ஆதரவு’ என்றும் வழங்குகிறோம். பின்னதே நமக்கு உவப்பானது. வலியைச் சொல்லாமல் மனிதரைச் சொல்கிறது. புற்றுநோய்க்கு மட்டுமே உரியது இது என எண்ணுதல் வேண்டா. சிறுநீரகம் செயலிழந்தோர், இதயம் தளர்ந்தோர், பக்கவாதத்தில் படுத்தோர், நினைவிழந்த முதியோர் யாவர்க்கும் உரியது.

எப்போது இதனை நாடுவது? ‘கடைசியில்’ என்பதே பெரும்பாலோர் விடை, அது தவறு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பரவிவிட்ட நுரையீரல் புற்று உடையோர் 151 பேரிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நோய் கண்ட தொடக்கத்திலேயே வழக்கமான சிகிச்சையோடு நோய் ஆதரவும் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தனர். ஏறத்தாழ இரண்டரை மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தனர். ஆதலின் இது சிகிச்சையைக் கைவிடுதல் ஆகாது. இரண்டும் ஒருங்கே நடக்கலாம், நடக்கவும் வேண்டும்.

மார்ஃபின் என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பதை அறிவோம். அபினிலிருந்து வருவதுதான். கடும் புற்று வலிக்கு வாய்வழி மார்ஃபினை உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே பரிந்துரைத்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு இந்தியாவில் இயற்றப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே அதனை வைத்திருக்க அஞ்சின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு உரிமம் பெறும் முறை எளிதாயிற்று. மருத்துவர் அளவிட்டு, நான்கு மணிக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்கும்போது நோயாளி அதற்கு அடிமையாதல் அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் உடன் கேட்டுப் பெறவேண்டும். வலி வந்தபின் கொடுப்போம் என்று காத்திருத்தல் கூடாது. மார்க்கத்தில் ஆகுமா என்பாருக்கு ஒன்று சொல்வோம்: நிர்ப்பந்த நிலையில் மருந்தாக உட்கொள்வதை ஆலிம்கள் அனுமதிக்கின்றனர். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. படுத்தபடி சைகையால் தொழவும் இடமுண்டு. எங்கள் மாமாவோ ரமலானில் பகல் முழுதும் ஒரு மாத்திரையும் விழுங்க மறுத்தார். இமாம் ஒருமுறை வந்து அருகமர்ந்து விளக்கியிருந்தால் கேட்டிருப்பார். அழைக்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அண்டை மாநிலமாகிய கேரளம் இவ்வகையில் நமக்கு ஆசான். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டி 1993-இல் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய சங்கம், பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரின் இயக்கமாகவே வளர்ந்தது. கடைக்காரரும் மாணவரும் ஆட்டோ ஓட்டுநரும் பயிற்சி பெற்றுச் செவிலியரோடு வீடு வீடாகச் செல்கின்றனர். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிற்கே வந்து அளிக்கும் நோய் ஆதரவுப் பணி சேர்க்கப்பட்டுள்ளது. கேட்போர்க்கே கிடைக்கும், கேட்கத்தான் ஆளில்லை.

எப்படிக் கேட்பது? ‘வலி தணிப்புப் பிரிவுக்கு எழுதித் தாருங்கள்’ என்று சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே வாய்விட்டுக் கேட்க வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யவேண்டும். சதைப் பரிசோதனை அறிக்கையும் மருத்துவமனைச் சுருக்கக் குறிப்பும் ஒரே உறையில் இருக்கட்டும். நள்ளிரவில் தேடி அழ வேண்டியிராது. அந்த உறையின் மேலேயே இரவில் அழைக்கத்தக்க செவிலியரின் எண்ணை எழுதி வைக்கலாம். படுக்கைப்புண் வாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும், வாயைத் தூய்மை செய்யவும் அவரிடமே கற்றுக்கொள்ளலாம்.

பேணுவோர் ஒருவராகவே இருந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் அப்பொறுப்பு ஒரு மருமகள் மீதோ மணமாகாத மகள் மீதோ முழுதாய் விழுகிறது. ஆண்கள் மருந்து வாங்கி வருவதோடு கடமை முடிந்ததென்று எண்ணுகிறோம். மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர், நோயாளிக்கும் மருத்துவருக்கும் மருந்துக்கும் அடுத்து, அருகிருந்து பேணுவாரையும் ஒரு கூறாகவே வைத்தார். வகுப்பில் அக்குறளை எத்தனையோ ஆண்டு நடத்தியிருக்கிறோம். நான்காவது கூறு எங்கள் மாமியாகத் திண்ணையில் உறங்காமல் உட்கார்ந்திருந்தபோது நம் கண்ணில் படவில்லை.

நோயாளிக்கு உண்மையை எவ்வளவு சொல்வது என்பது கடினமான வினா. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டியதில்லை. ‘உங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், மாமா?’ என்று தொடங்கி, அவர் கேட்கும் அளவுக்கு மட்டும் சொல்லலாம். அறிய விரும்பாதவரை வற்புறுத்துதலும் தகாது. ஆனால் அறிய விரும்புகிறவரிடம் மறைப்போமாயின், கடன் தீர்க்கவும், வஸிய்யத் எழுதவும், பகைத்தவரிடம் மன்னிப்புக் கேட்கவும் அவருக்குள்ள உரிமையைப் பறிக்கிறோம்.

ஊர்ப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் சந்தூக் ஒன்று பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கிறது. ஏழையும் செல்வரும் அதில்தான் செல்கின்றனர். அதன் அருகிலேயே ஒரு காற்று மெத்தை, ஒரு சக்கர நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தத்தக்க ஒரு கட்டில் ஆகியவற்றையும் வாங்கி வைத்து, எம்மதத்தவர் கேட்பினும் இரவலாகக் கொடுக்கலாம். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் பத்துப்பேர் முறைவைத்து மாலையில் ஒரு மணிநேரம் நோயாளியின் அருகில் அமர்ந்தால், பேணுவோர் அவ்வேளையில் குளித்து உண்டு சற்றுக் கண்ணயரலாம். மாணவரிடம் பேசிவிட்டோம், எழுவர் பெயர் தந்துள்ளனர். காற்று மெத்தை யார் பொறுப்பு என்பதை அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் முடிவு செய்தால் போதும்.